அக்காவுக்கு ஒரு குப்பி

ஒரு நாள் விட்டு ஒரு நாள், விடிந்து பல் விளக்கின கையோடு, தம்பி சமையலறை மேசையில் தன் இடது கையை நீட்டி வைத்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வான். ஏதோ பள்ளிக்கூடத்துப் பையன் என்று நினைத்துவிடாதீர்கள். நாற்பதைத் தொடப்போகிற ஆள். மீசையில் நரை எட்டிப் பார்க்கிறது. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிற வேலை. மயிரிழை பிசகினாலும் எகிறிக் குதிக்கிற முதலாளியிடமே நல்ல பெயர் வாங்கினவன். ஆனால் ஊசி என்று வந்துவிட்டால் மட்டும் அவனுக்குச் சுவர்தான்.

"திரும்பித்தான் பாரேன்டா. உன் கைதானே, ஊரான் கையா?" என்பாள் அக்கா.

"நீ பாக்குற இல்ல? ஒரு ஊசிக்கு எத்தனை பேரு பாக்கணும்?"

"நாளைக்கு எனக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?"

"உனக்கு என்ன ஆகப்போகுது? நீ என்னையும் வழியனுப்பி வச்சிட்டுத்தான் போவே."

"வாயைக் கழுவு. காலங்காத்தால பேச்சைப் பாரு!"

இந்தச் சண்டை முடிவதற்குள் ஊசி நரம்புக்குள் போயிருக்கும். அக்காவின் கை அப்படி. அவள் வாசல் அறையில் தையல் மெஷின் போட்டு, வீடுகளுக்கும் ஓட்டல்களுக்கும் திரைச்சீலை தைக்கிறவள். துணியில் ஊசி ஓட்டுவதும் தம்பி கையில் ஊசி ஏற்றுவதும் அவளுக்கு ஒரே சுலபம்.

தம்பி என்று அவள் கூப்பிட்டுக் கூப்பிட்டு, தெருவே அவனைத் தம்பி ஆக்கிவிட்டது. மளிகைக்கடைக்காரருக்கும் தம்பி, மேல் வீட்டுக் குழந்தைகளுக்கும் தம்பி. அவளும் அப்படியே எல்லோருக்கும் அக்கா.

தம்பியின் ரத்தத்தில் ஒரு சாமான் குறைச்சல். அடிபட்ட இடத்தில் ரத்தம் உறைந்து ஓட்டையை அடைக்க வேண்டுமே, அதற்கு வேண்டிய புரதங்களில் ஒன்று அவன் உடம்பில் பேருக்குக்கூடக் கிடையாது. டாக்டர்கள் அதை எட்டாம் நம்பர் ஃபேக்டர் என்கிறார்கள். அது இல்லாததால் வருகிற நோய்க்கு ஹீமோபிலியா என்று பெயர். சின்ன வயதில் நடந்து போனாலே அவனுக்கு முழங்காலுக்குள் ரத்தம் கசிந்து பூசணிக்காய் மாதிரி வீங்கும். வாரக்கணக்கில் படுக்கை, ஐஸ் பை, அலறல். இடது முழங்கால் இன்றைக்கும் முழுதாக நீளாது. அப்புறம்தான் அந்தப் புரதத்தையே தூளாக்கிச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் அடைத்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள். முதலில் பெரிய ரத்தப்போக்குக்கு மட்டும், பிறகு வீட்டிலேயே முறை வைத்துப் போட்டுக்கொள்ள. அதற்கப்புறம் தம்பி மனுஷனானான். வேலைக்குப் போனான். பஸ்ஸில் நின்றுகொண்டு பயணம் செய்தான், அதையே ஒரு சாதனை மாதிரி வந்து சொன்னான்.

குப்பியிலிருக்கும் தூளைக் கூடவே வரும் தண்ணீரில் கரைக்க வேண்டும். குலுக்கக் கூடாது, குலுக்கினால் நுரைத்துக் கெட்டுவிடும். உள்ளங்கைகளுக்கு நடுவே மெள்ள உருட்ட வேண்டும். கரைத்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும், எடுத்து வைக்க முடியாது. இதெல்லாம் அக்காவுக்கு வேதம். மருந்து கிடைக்காமல் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்த காலத்தைப் பார்த்தவள் அவள். அந்த வீட்டில் சோறு வீணாகலாம், தண்ணீர் வீணாகலாம், மருந்து ஒரு சொட்டு வீணாகக் கூடாது. ஒருமுறை குப்பி ஒன்று கை நழுவி உடைந்தபோது, துக்க வீடு மாதிரி அன்று முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தாள்.

அம்மா கிடையாது. தம்பி கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டாள். அப்பாவும் அதற்கப்புறம் நெடுநாள் இருக்கவில்லை. பாவாடை சட்டை போட்டுக்கொண்டிருந்த வயதில் அக்காதான் அவனை இடுப்பில் தூக்கிச் சுமந்து வளர்த்தாள். உறவுக்காரர்கள் வந்தால், குழந்தை காதுபடவே, "பெத்தவளை முழுங்கிட்டுப் பொறந்தவன்" என்பார்கள். அக்கா கையில் எது இருந்தாலும் பறக்கும். ஒரு தடவை பித்தளைச் செம்பு பறந்தது. ஆனால் தம்பி அந்தச் சொல்லை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டான். வெளியே கேலியும் கிண்டலுமாகத் திரிகிறவனுக்கு, உள்ளே அது ஒரு முள்.

இப்போது அக்கா பல் பிடுங்கிக்கொண்ட கதைக்கு வருவோம்.

அதற்குக் காரணம் பாப்பா. பாப்பா என்றால் அக்காவின் ஒரே மகள். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய், வயிற்றில் பிள்ளையும் ஆகிவிட்டது, இன்னும் பாப்பாதான். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. அவள் அப்பாவுக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி நாள் கடல் மேல்தான். ஆகவே எல்லாம் அக்கா தலையில். அந்த நேரம் பார்த்து அவளுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று குடைச்சல் கொடுத்தது.

"அவ வந்து படுத்தப்புறம் நான் கன்னத்தைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்க முடியுமா? இப்பவே புடுங்கித் தொலைச்சிட்டு வரேன்" என்று கிளம்பினாள். தம்பியும் துணைக்குப் போனான்.

பல் டாக்டர் சின்ன வயசு, பொறுமையான பிள்ளை. "ரத்தம் நிக்காத பிரச்சினை ஏதாவது உண்டாம்மா? உங்களுக்கோ, குடும்பத்துல யாருக்காவதோ?" என்று முறையாகக் கேட்டார்.

"என் தம்பிக்கு இருக்கு. இதோ உக்காந்திருக்கானே, இவனுக்கு. எனக்கு ஒண்ணும் கிடையாது."

"அப்படின்னா உங்களுக்கும் ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டு..."

"டெஸ்டா? டாக்டர், நான் இந்த நோயோடயே குடும்பம் நடத்துறவ. இது ஆம்பளைங்க சமாச்சாரம். பொம்பளைங்க நாங்க பொறக்குற பிள்ளைக்குக் கடத்துவோம், எங்களுக்கு வராது. நீங்க தைரியமா புடுங்குங்க."

அவள் சொன்ன தோரணையில் டாக்டருக்கே தன் படிப்பில் சந்தேகம் வந்திருக்க வேண்டும். தம்பியும் பக்கத்து நாற்காலியிலிருந்து, ஆமாம் ஆமாம் என்று பெரிய மனுஷன் மாதிரி தலையை ஆட்டினான். என்னத்தைச் சொல்ல! ரத்தம் நிற்காத நோயைப் பற்றி அந்த ஊரில் இந்த இரண்டு பேருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. எல்லாம் தெரியும் என்கிற அந்த நினைப்புதான் கண்ணை மறைத்தது.

இத்தனைக்கும் அக்கா மேசை முனையில் லேசாக இடித்துக்கொண்டாலே தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாயும். "எனக்குத் தோல் மெல்லிசு" என்பாள். மாதாமாதம் மூன்று நாள் படாத பாடு படுவாள். "பொம்பளைப் பொறப்புன்னா அப்படித்தான்" என்பாள். பாப்பாவைப் பெற்றபோது வேறொருத்தர் ரத்தம் ஏற்றித்தான் அவளைப் பிழைக்க வைத்தார்கள். "உடம்புல சத்து இல்ல" என்று சொல்லி அதையும் மூடி வைத்தாயிற்று. தம்பிக்கு ஒரு கொசு கடித்தாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள், தன் உடம்பை ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லை.

பல் வந்துவிட்டது. ரத்தம் நிற்கவில்லை.

முதல் நாள் சாயங்காலம் தம்பி கேட்டதற்கு, "பல்லைப் புடுங்கினா ரத்தம் வராம பன்னீரா வரும்? போய் வேலையைப் பாரு" என்று விரட்டினாள். மறுநாள் அவன் கடைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது, முன்னைவிட வேகமாக மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். பேச்சு மட்டும் குறைந்திருந்தது. அக்கா பேசாமலிருப்பது அந்த வீட்டில் ஒரு செய்திதான். அந்த மரமண்டைக்கு அது உறைக்கவில்லை. வாய் வலிக்கிறது போல என்று விட்டுவிட்டான்.

அதற்கடுத்த காலை ஊசி நாள். தம்பி கையை நீட்டிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். வழக்கமான வசவு எதுவும் வரவில்லை. குப்பியின் மேல்மூடியை நெம்புகிற சத்தம் கேட்டது. மறுபடி கேட்டது. மூடி கழலவில்லை. கட்டை விரலால் ஒரே தட்டில் திறக்கிறவள் அவள். நாற்காலி கரகரவென்று நகர்கிற சத்தம் வந்ததும், அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, தம்பி ஊசி நேரத்தில் திரும்பிப் பார்த்தான்.

அக்கா பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். உதடு சுண்ணாம்பு நிறத்தில் இருந்தது. அவன் எழுந்து காலை இழுத்துக்கொண்டு போய்த் தொட்டிக்குள் பார்த்தான்.

அதில் கருஞ்சிவப்பாக, ஈரல் துண்டு மாதிரி ஒன்று கிடந்தது. அதை அவனுக்கு நன்றாகத் தெரியும். பால் பல் விழுந்த வயதில் அவன் வாயிலும் அதேதான் தொங்கும். ரத்தம் கட்டிவிட்டது, நின்றுவிட்டது என்று ஆளை ஏமாற்றும். அடியில் கசிந்துகொண்டேயிருக்கும்.

"எப்பலேர்ந்து?"

"புடுங்கின அன்னையிலேர்ந்துதான். நிக்குது, வருது. நிக்குது, வருது. நீ போய் உக்காரு, மருந்து போடணும்."

அவன் உட்காரவில்லை. அவள் அறைக்குப் போய்த் தலையணையைப் புரட்டினான். மேலே அழுத்தமான பழுப்புத் திரைத்துணியின் மிச்சம் விரித்திருந்தது; கறை தெரியாத நிறமாகப் பார்த்து எடுத்திருக்கிறாள், கெட்டிக்காரி. அடியில் தலையணை ஊறிப் போயிருந்தது.

"அக்கா, இது நம்ம ரத்தம்" என்றான் திரும்பி வந்து. "எனக்கு வர்றதுதான் உனக்கும் வருது."

"லூசு மாதிரி உளறாதே. பொம்பளைக்கு எங்கடா..."

"எவன் சொன்னான்? யாருடி சொன்னது உனக்கு?"

அவளை 'டி' போட்டு அவன் கூப்பிட்டது அன்றைக்குத்தான். அவள் வாயில் ரத்தம் நிறைந்துவிட்டது. மறுபடி தொட்டிப்பக்கம் குனிந்தாள்.

தம்பி மருந்து வாங்குகிற கிளினிக்கில் ஃபேக்டர் மருந்தைப் பார்த்துக்கொள்கிறவர் ஒரு மூத்த நர்ஸ். 'எப்பத்தான் நீயே போட்டுக்கப் பழகப்போறே?' என்று பார்க்கிறபோதெல்லாம் தம்பியைத் திட்டுகிறவர். அவருக்கு போன் போட்டான். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"உடனே கூட்டிட்டு வா. வீட்ல மருந்து எவ்வளவு இருக்கு?"

"ஒரு குப்பிதான் சிஸ்டர். இன்னைக்கு எனக்குப் போட வேண்டியது."

"அதையும் ஐஸ்ல வச்சு எடுத்துட்டு வா. இங்க அலமாரி காலியா கிடக்கு. மருந்து வண்டி நாளைக்குத்தான் வரும்."

கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். அக்காவைச் சாய்வு நாற்காலியில் படுக்க வைத்து, வாயில் பஞ்சு வைத்துக் கடிக்கச் சொன்னார்கள். பஞ்சு மாற்றி மாற்றிச் சிவந்தது. முடிவு வந்ததும் கிளினிக் டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"உங்களுக்கும் ஃபேக்டர் எட்டு ரொம்பக் கம்மியா இருக்கு. தம்பி அளவுக்கு மோசம் இல்ல. ஆனா பல் புடுங்கினா நிக்காத அளவுக்குக் கம்மி."

அக்கா பஞ்சோடு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.

"கடத்துற பொம்பளைங்கள்ல சில பேருக்கு இப்படி இருக்கும்மா. யாரும் டெஸ்ட் எடுக்கிறதில்ல, அதான் தெரியிறதில்ல. அந்த ஒரு குப்பி இப்ப உங்களுக்குப் போதும், கூட ஒரு மாத்திரையும் தரேன்."

அக்கா பஞ்சைத் துப்பினாள். "அது அவன் மருந்து. இன்னைக்கு அவன் நாள்."

"இன்னைக்கு அவருக்கு ரத்தம் வரலை. உங்களுக்கு வருது. அவர் ஒரு நாள் தாங்குவார்."

"தாங்க மாட்டான். உங்களுக்குத் தெரியாது டாக்டர், ஒரு நாள் தள்ளிப் போனா அவனுக்கு முட்டி புடிச்சுக்கும். இவ்வளவு வருஷத்துல ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்ல நானு. மருந்து வண்டி வரட்டும், நாளைக்குப் போட்டுக்கிறேன்."

"நாளைக்கு வரைக்கும் இப்படியே போச்சுன்னா உங்களுக்கு ரத்தம் ஏத்த வேண்டி வரும்" என்று டாக்டரம்மா சொல்லிப் பார்த்தார். நர்ஸ் அதட்டிப் பார்த்தார். தம்பி கெஞ்சிப் பார்த்தான். அக்கா உதட்டை இறுக்கிக்கொண்டு கையைச் சேலைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள். சாகிற நிலையிலும் ஒற்றைக் காலில் நிற்கிற ஜென்மம்!

தம்பி மேசைக்குப் போய், கையைக் கழுவி, ஐஸ் டப்பாவைத் திறந்து குப்பியை எடுத்தான். கட்டை விரலால் மூடியைத் தட்டினான். தண்ணீரைத் தூளுக்குள் இறக்கினான். உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்ட ஆரம்பித்தான்.

"என்னடா பண்றே?" அக்கா பாதி எழுந்துவிட்டாள். "குலுக்காதே! டேய், குலுக்கிடாதே!"

"குலுக்கலை. கண்ணு தெரியுதில்ல?"

தூள் கரைந்து, குப்பி பளிங்காகத் தெளிந்தது. நர்ஸ் பக்கத்தில் நின்று அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை.

"கரைச்சாச்சு" என்றான் தம்பி. "இனிமே எடுத்து வைக்க முடியாது. யார் சொன்னாலும் இதை நான் போட்டுக்க மாட்டேன். நீ போட்டுக்கிட்டா உண்டு. இல்லையா, இதோ தொட்டியில ஊத்திடறேன்."

"ஊத்துவியா? மருந்தையா?"

"ஊத்துவேன்."

அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நகையைக் கிணற்றில் போடுவேன் என்று சொல்லியிருந்தால்கூட அப்படிப் பதறியிருக்க மாட்டாள். அவன் குப்பியை எடுத்துக்கொண்டு நிஜமாகவே தொட்டிப்பக்கம் இரண்டு எட்டு வைத்தான். அவளிடம் ஒரே ஒரு வழிதான் பாக்கி இருந்தது.

"அப்படின்னா நீ போடு" என்றாள். "நர்ஸம்மா போடக் கூடாது. நீ போட்டா வாங்கிக்கிறேன்."

ஊசியைக் கண்ணால் பார்க்காதவன் எங்கே போடப்போகிறான் என்ற தைரியம் அவளுக்கு. தம்பிக்கும் ஒரு நிமிஷம் உலகம் ஆடியது. காதில் குய்யென்று ஒரு சத்தம். நர்ஸ் ஸ்டூலை அவன் பக்கம் தள்ளினார்.

"உக்காரு. நான் பக்கத்துலயே இருக்கேன். லென்ஸ் புடிக்கிற கைதானே? புடி."

உட்கார்ந்தான். அக்காவின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். எத்தனை ஆயிரம் தடவை இந்தக் கை அவன் கையைப் பிடித்திருக்கும்! அதை அவன் இப்போதுதான் பார்க்கிறான். விரல் நுனியெல்லாம் தையல் ஊசி குத்திக் காய்ப்புக் காய்த்திருந்தது. முழங்கை மடிப்புக்குப் பக்கத்தில் ஒரு நீலத் திட்டு. அதற்கு நடுவே நரம்பு. நர்ஸ் பட்டையைக் கட்டி, இடத்தைத் தொட்டுக் காட்டினார். முதல் குத்து தப்பிவிட்டது. தம்பிக்கு நெற்றியெல்லாம் வியர்வை.

"பரவால்லடா" என்றாள் அக்கா, முதலில் இளகினது அவள்தான். "நானும் மொத மொத உன்னைக் குத்திக் கொதறித்தான் பழகினேன். சாய்ச்சுப் புடி. மெதுவா."

சாய்த்துப் பிடித்தான். ஊசிக் குழாயில் சிவப்பாக ஒரு துளி எட்டிப் பார்த்தது. நர்ஸ், "அவ்வளவுதான், உள்ள போயாச்சு" என்றார். தம்பி மருந்தை நிதானமாக, கடைசிச் சொட்டு வரை தள்ளினான். கண்ணை எடுக்கவேயில்லை.

அப்புறம் காத்திருந்தார்கள். டாக்டரம்மா மாத்திரை கொடுத்து, புதுப் பஞ்சு வைத்துவிட்டு, குடும்பக் கதை கேட்க ஆரம்பித்தார். "அம்மா எப்படி இறந்தாங்க?"

அக்கா பஞ்சை ஒரு கன்னத்துக்குத் தள்ளிவிட்டுச் சொன்னாள். "இவனைப் பெத்துட்டு நல்லாத்தான் வீட்டுக்கு வந்தாங்க. ஒரு வாரத்துக்கு மேல நல்லா இருந்தாங்க. அப்புறம் ஒரு நாள் காலையில ரத்தம் போக ஆரம்பிச்சது. நிக்கவே இல்ல. நான்தான் துணி மாத்தி மாத்திக் குடுத்தேன். தூக்கிட்டு ஓடுறதுக்குள்ள..." அவள் நிறுத்தினாள். "உடம்புல சத்து இல்லன்னாங்க."

டாக்டரம்மா ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார். பிறகு, "கர்ப்பமா இருக்கும்போது இந்த ஃபேக்டர் தானா ஏறும். பெத்த பிறகு மறுபடி எறங்கிடும். அதனால சில பேருக்குக் கொஞ்ச நாள் கழிச்சுத்தான் ரத்தம் போகும்" என்றார். "நான் அவங்களைப் பரிசோதிச்சதில்ல, உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா அவங்ககிட்டேர்ந்துதான் உங்க ரெண்டு பேருக்கும் வந்திருக்கணும். அவங்களுக்கும் இதே குறைதான் இருந்திருக்கும்னு நினைக்கிறேன். இந்த மருந்து அன்னைக்குக் கெடைச்சிருந்தா..."

அக்கா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணில் மளமளவென்று நீர் இறங்கியது.

"கேட்டியாடா? காது குடுத்துக் கேட்டியா? நீ முழுங்கலைடா. ஒரு குப்பி மருந்து இல்லாம போயிட்டா நம்ம அம்மா. நீ இல்ல."

தம்பி தலை குனிந்தான். நரை எட்டிப் பார்க்கிற மீசையை வைத்துக்கொண்டு, நர்ஸ், டாக்டர் எல்லோருக்கும் முன்னால் விசும்பி விசும்பி அழுதான். நர்ஸ், "பஞ்சைக் காட்டுங்கம்மா" என்றார். அக்கா வாயிலிருந்து எடுத்தாள். ஓரத்தில் லேசாக ரோஜா நிறம், மற்றபடி வெள்ளை.

அதைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, பேயறைந்த மாதிரி ஆனாள். "பாப்பா!" என்றாள். "என் பாப்பா! டேய், போனை எடுடா. அவளுக்கும் மாசாமாசம் என்னை மாதிரியேதான். அழுவா பாவி. பொம்பளைன்னா பொறுத்துக்கணும்னு அதட்டுவேன் நான்!"

மறுநாள் மருந்து வண்டி வந்தது. தம்பியின் முழங்கால் கொஞ்சம் கனத்திருந்தது, அவ்வளவுதான். நர்ஸ் எதிரில் உட்கார்ந்திருக்க, அவனே தனக்குப் போட்டுக்கொண்டான். நர்ஸ் அன்றைக்கு அவனைத் திட்டவில்லை, அவனுக்குத்தான் என்னவோ போல இருந்தது.

பாப்பாவை உடனே வரவழைத்துப் பார்த்ததில் அவளுக்கும் ஹீமோபிலியா கடத்தும் உடம்புதான், பிரசவத்துக்கப்புறம் ஃபேக்டர் இறங்கிவிடும் என்று தெரிந்தது. டாக்டரம்மா பிரசவ டாக்டரோடு கலந்து பேசினார். கிளினிக்கிலிருந்து பாப்பா பெயரிலேயே மருந்து வந்தது. குளிர்பெட்டியின் மேல்தட்டில் தம்பிக்கு, நடுத்தட்டில் பாப்பாவுக்கு. பால் பாத்திரத்துக்கு இடமில்லாமல் போனது. "இது வீடா, மருந்துக்கடையா?" என்று அக்கா முணுமுணுத்தாலும், ஒரு நாளைக்கு நாலு தடவை திறந்து பார்த்து மூடுவாள்.

பாப்பாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். பெற்ற கையோடு ஆஸ்பத்திரியிலேயே அவளுக்கு ஃபேக்டர் ஏற்றினார்கள். குழந்தைக்கும் பிறகு பார்த்துவிடலாம், தெரிந்து வைத்துக்கொண்டால் பயமில்லை என்றார் டாக்டரம்மா. பாப்பா வீட்டுக்கு வந்ததும், சொன்ன நாட்களில் தம்பி ஊசி போட்டான். அக்கா தையல் மெஷினிலிருந்தே, "சாய்ச்சுப் புடி, சாய்ச்சுப் புடி" என்று கத்துவாள். "நான்தான் புடிச்சிருக்கேனே, நீ துணியைப் பாரு" என்பான் இவன்.

அக்காவின் அம்மாவுக்கு அன்று ரத்தம் போக ஆரம்பித்தது, தம்பி பிறந்த எத்தனையாவது நாள் என்று அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் பாப்பாவுக்கும் அதே நாள் வந்த காலையில் அவள் மெஷின் உறையையே எடுக்காததைப் பார்த்துத் தம்பி புரிந்துகொண்டான். கடைக்கு போன் பண்ணி, தலைவலி என்று ஒரு பொய் சொன்னான். பாப்பா அறை வாசலில் ஆளுக்கொரு பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். பாப்பா புரண்டு படுத்தால் இரண்டு பேரும் எட்டிப் பார்த்தார்கள். அவள் குளியலறைக்குப் போனால் அக்கா கதவுக்கு வெளியே நின்றாள். வந்ததும், "எப்படிடி இருக்கு?" என்று கேட்டாள். "எப்பவும் போலத்தான்" என்றாள் பாப்பா. அக்கா கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டாள். வெயில் ஜன்னலை விட்டு இறங்கி, எதிர்ச் சுவருக்குப் போனது. குழந்தை அழுதது, பால் குடித்தது, தூங்கியது. தம்பிக்கு உட்கார்ந்து உட்கார்ந்து முழங்கால் மரத்துப் போயிற்று, எழுந்திருக்கவில்லை.

மத்தியானம் தாண்டினதும் பாப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"ரெண்டு பேரும் காலையிலேர்ந்து என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருக்கீங்களே, என் மூஞ்சியில என்ன படமா ஓடுது? காவல் காக்குறீங்களே தவிர, ஒருத்தராவது அடுப்பைப் பத்த வச்சீங்களா? பசி உயிர் போகுது எனக்கு! மாமா, நீயாவது சொல்லேன் உன் அக்காகிட்ட!"

அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு எழுந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை, இரண்டும்தான். தம்பி பின்னாலேயே சமையலறைக்குப் போனான். அவள் அடுப்பைப் பற்ற வைத்தாள், பாத்திரத்தை வைத்தாள், அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"அம்மா அன்னைக்குப் பசிக்குதுன்னு சொல்லவே இல்லடா."

தம்பி தட்டுகளைக் கழுவி எடுத்து வைத்தான். பாப்பா வந்து உட்கார்ந்து, வாங்கி வாங்கி மூன்று தடவை சாப்பிட்டாள்.